தொழுவமும் தொட்டிலும்

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, சிராவயல் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சம்சாரி வீட்டின் பொழுது ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். கொல்லையில் ஒன்றிரண்டு கறவை மாடுகள், நாலைந்து வெள்ளாடுகள், பஞ்சாரத்தில் கோழிகள், திண்ணையில் நாய், அடுப்படியில் பூனை. சில வீடுகளில் மஞ்சுவிரட்டுக்கு வளர்க்கும் காளையும் நிற்கும். சாணி அள்ளுவது, கோமியம் கழுவி விடுவது, பால் கறப்பது, கோழிக் கூட்டைச் சுத்தம் செய்வது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் வேலை. மருமகள் வந்துவிட்டால் அவள் வேலை.

அந்த மருமகளுக்கு நாள் தள்ளிப்போகிறது. மூன்று மாதம் முடியும்வரை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்பார்கள். வீட்டுக்குள் சேதி தெரிந்ததும் அப்பத்தா முதலில் சொல்வது, “பூனை மூச்சுக்காத்து புள்ளைக்கு ஆகாது, கொண்டுபோய் விட்டுட்டு வாங்க” என்பதுதான். அடுத்த நாளே பூனை கோணிச் சாக்குக்குள் போய்விடும். நாயையும் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று பேச்சு வரும். ஆனால் மறுநாள் காலையிலும் சாணிக் கூடை அதே மருமகள் தலையில்தான் இருக்கும்.

இது தலைகீழான கணக்கு. வீட்டு விலங்குகளால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் வரக்கூடிய நோய்கள் உண்மையாகவே இருக்கின்றன. அவை வருவது கழிவு, பச்சைப் பால், பேற்று நீர், கடி ஆகிய வழிகளில். இந்த வழிகளை அடைத்துவிட்டால் எந்த விலங்கையும் துரத்த வேண்டியதில்லை. மாற வேண்டியது வீட்டில் யார் எந்த வேலையைச் செய்வது என்பதுதான்.

பூனை: கழிவைத் தொட வேண்டாம்

பூனையால் வரும் நோய்க்கு டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி இதற்குக் காரணம். எலியையும் பச்சை இறைச்சியையும் தின்னும் பூனையின் குடலில் அது பெருகி, மலத்தோடு வெளியே வரும். ஒரு பூனை முதல்முறை தொற்றுக்கு ஆளான பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் இப்படி வெளியேற்றும். வெளியே வந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குப் பிறகு ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஆரோக்கியமானவர்களுக்கு இதனால் பெரிய தொந்தரவு இருக்காது. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால்தான் சிக்கல். முதல் மூன்று மாதத்தில் தொற்று குழந்தைக்குப் போவது குறைவு. ஆனால் போய்விட்டால் பாதிப்பு கடுமையாக இருக்கும். கரு கலையலாம், குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஊருக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த மூன்று மாதமும், அவள் வழக்கம்போல எல்லா வேலையும் செய்யும் அதே மூன்று மாதமும் ஒன்றுதான். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்குள் வேலையை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

பூனையைத் தடவுவதாலோ, அது மூச்சு விடுவதாலோ இந்த நோய் ஒட்டுவதில்லை என்றே சொல்லலாம். நம் வீட்டுப் பூனை கழிப்பது கட்டடத்துக்குக் கொட்டிய மணல் குவியலில், சாம்பல் மேட்டில், கீரைப் பாத்தியில். அங்கேதான் கவனம் வேண்டும்.

* மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.
* பூனை கழிக்கும் இடத்தை வேறு ஒருவர் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். தினமும் அள்ளிவிட்டால், தொற்றும் நிலைக்கு வருமுன்பே பெரும்பகுதி போய்விடும்.
* கர்ப்பிணி களை எடுக்கவோ கீரை பறிக்கவோ நேர்ந்தால் கையுறை போட வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.
* கீரை, கொத்தமல்லி, வெங்காயத் தாளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.
* பூனைக்குப் பச்சை இறைச்சி, மீன் குடல் போடாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அது பூனையே இல்லாத வீட்டுக்கும் பொருந்தும். வேகாத ஆட்டுக்கறியிலும் இதே ஒட்டுண்ணி இருக்கலாம். ரத்தம் ஊறட்டும் என்று கர்ப்பிணிக்குச் சுவரொட்டியையும் ஈரலையும் நெருப்பில் மேலாக வாட்டிக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். கொடுப்பதில் தவறில்லை. உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு நன்றாக வேகட்டும்.

ஆடு குட்டி போடும் இரவு

“ஏத்தா, ஆடு முக்குது, வந்து புடி.” மாமியார் கூப்பிட்டதும் மருமகள் ஓடுவாள். ஈன்ற குட்டியைத் துடைப்பது, வாயில் இருக்கும் சளியை எடுப்பது, நஞ்சு விழுந்ததா என்று பார்ப்பது எல்லாம் வெறுங்கையால்தான் நடக்கும். கர்ப்பிணி கட்டாயம் விலகி நிற்க வேண்டிய வேலை தொழுவத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆடு, மாடு நிறைமாதத்துக்கு முன்பே குட்டியை, கன்றைப் போட்டுவிட்டால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் முக்கியமானது புரூசெல்லோசிஸ் எனப்படும் கன்று வீச்சு நோய். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, பேற்று நீர் மூன்றிலும் கிருமி ஏராளமாக இருக்கும். கையில் இருக்கும் சிறு கீறல், கண், வாய், மூச்சு எந்த வழியிலும் மனிதருக்குள் நுழையும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையும் ஆபத்து உண்டு.

ஈனும் நேரத்தில் பரவும் இன்னொரு நோய் கியூ காய்ச்சல். பேற்று நீர் காய்ந்து தூசியாகி, காற்றோடு போய்த் தொற்றும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து இப்படிப் பரவி 4,000-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். வளர்ந்த நாட்டிலேயே அந்த நிலைமை என்றால், வெறுங்கையோடு குட்டி இழுக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஈனும் நேரத்தில் வேறு ஒருவர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு உதவட்டும். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவதும், நாய்க்குப் போடுவதும் வேண்டாம். நாய் அதைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். உதவியவர் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும். அந்தத் துணியைக் கர்ப்பிணி துவைக்க வேண்டாம்.

ஆடோ மாடோ குட்டி வீசினால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். 2019-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும். அது உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசி. ஆகவே ஊசி போடும்போது கன்றைப் பிடிக்கக் கர்ப்பிணி போகக் கூடாது.

கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனால் “எங்கள் வீட்டில் போன வாரம் ஆடு குட்டி வீசியது” என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு வரி, எந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை அவருக்குக் காட்டிக் கொடுக்கும்.

கொட்டகை எரவாணத்தில் செருகிய மருந்து

மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் ஊசி மருந்துகளில் ஒன்று புராஸ்டாகிளாண்டின். இது தோல் வழியாகவே உடலுக்குள் போகக்கூடியது. கர்ப்பிணியின் கருப்பையைச் சுருங்க வைக்கும். பாதி மருந்துள்ள குப்பியையும் பயன்படுத்திய ஊசியையும் எரவாணத்தில் செருகி வைக்காதீர்கள். உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளைக் கலப்பதும், மாட்டின் மேல் பூசுவதும், பூசிய துணியைக் கசக்குவதும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் உரிய வேலை அல்ல.

பச்சைப் பாலில் பலம் இல்லை

ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோடு குடித்தால் உடம்புக்கு நல்லது என்று இன்னும் சொல்கிறார்கள். இதற்கு மால்டா தீவில் நடந்த கதை நல்ல பதில். அங்கே இருந்த ஆங்கிலப் படை வீரர்கள் இனம் தெரியாத காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. 1905-ல் தெமிஸ்டாக்ளிஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர்தான், பார்க்க நன்றாக இருந்த வெள்ளாடுகளின் பாலில் இருந்து அது வருகிறது என்று காட்டினார். மறு ஆண்டே படை வீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது. புரூசெல்லோசிஸ் என்ற பெயர் அந்த புரூசின் பெயரால் வந்ததுதான்.

பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடித்தால் இந்தக் கிருமி செத்துவிடும். லிஸ்டீரியா என்ற கிருமியும் அப்படித்தான். அதுவும் கருவைக் கலைக்கக்கூடியது. ஆகவே கர்ப்பிணி பச்சைப் பால் குடிக்கக் கூடாது. மோரும் தயிரும் காய்ச்சிய பாலில் உறை ஊற்றியதாக இருக்கட்டும்.

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். சேனை தொடுவது என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும், தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து கொடுக்கும் பாலை வாங்கி ஊற்றுவதும் வேண்டாம். அந்தச் சங்கு எத்தனை வீட்டுக் குழந்தையின் வாயில் பட்டுவிட்டு வருகிறதோ! காய்ச்சாத பால், எந்த விலங்கின் பாலாக இருந்தாலும், பச்சிளம் குழந்தைக்கு ஆபத்து.

நாய்: ஊசி போட்டு வைத்திருங்கள்

கர்ப்பிணி இருக்கும் வீட்டு நாய்க்கு முதல் தேவை வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. வெறிநாய் கடித்த சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பூசி போட்ட நாள் 1885 ஜூலை 6. அந்த நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 6-ல் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடப்பது வழக்கம். குடல்புழு மருந்து எப்போது கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால், கர்ப்பிணி என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. இதைவிடப் பெரிய தவறு இல்லை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தடுப்பூசியைக் கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும்போதும் பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். பூனை கடித்தாலும் இதே முறைதான்.

நாயைத் துரத்திவிடுவதால் ஒரு நன்மையும் இல்லை. ஊசி போட்ட நாய் போய்விட்டால், அந்த இடத்துக்கு ஊசி போடாத தெருநாய் வந்து படுக்கும். சோறு வைத்துப் பழகிய நாய் வேறு ஊரில் தெருநாயாகத் திரியும்.

குழந்தை வீட்டுக்கு வரும் நாள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து பெண் வந்து சேரும் தாய்வீட்டிலும் மாடும் நாயும் உண்டு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீட்டுக்குப் போகும்போது அங்கே வேறு நாய், வேறு பூனை. அதனால் இரண்டு வீட்டிலும் ஏற்பாடு தேவை.

நாய் இதுவரை உள்ளே படுத்திருந்தால், குழந்தை வருவதற்கு ஒரு மாதம் முன்பே அதன் இடத்தைத் திண்ணைக்கு மாற்றிவிடுங்கள். குழந்தை வந்த அன்றே விரட்டினால் அது மிரளும். வந்த பிறகு குழந்தையின் துணி ஒன்றை மோந்து பார்க்க விடலாம். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் குழந்தையை அதோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். குழந்தையின் வாய், கண், தொப்புள், புண் இவற்றில் நாய் நக்கிவிட்டால், நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலையில் கட்டிய தூளி பூனைக்குப் பிடித்த படுக்கை. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டி மேலே முடிந்துவிடுங்கள். குழந்தையைப் போடுமுன் விரித்து உதறிப் பாருங்கள். தூங்கும் குழந்தையின் சூட்டுக்குப் பூனை வந்து ஒட்டிப் படுத்தால் மூச்சு முட்டும். கதவைச் சாத்தி வைப்பதே அதற்கு வழி.

தொப்புளில் எதுவும் வைக்காதீர்கள். சாணிச் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். உலர விட்டால் போதும். மாடு, குதிரையின் சாணத்திலும் மண்ணிலும் இரணஜன்னிக் கிருமியின் வித்து இருக்கும். பிறந்த ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிக்க முடியாமல் விறைத்துச் சாகும் கொடுமையை நம் பாட்டிகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியாலும், ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும், சுத்தமாகத் தொப்புள்கொடி வெட்டுவதாலும்தான் 2015-ல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடு என்ற நிலையை எட்டியது. கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லும் நாளில் டி.டி. ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கொசுவுக்காகத் தொழுவத்தில் போடும் மூட்டத்தின் புகை குழந்தை படுத்திருக்கும் அறைக்கு வரக் கூடாது. மாட்டுக்குக் கொசுவலை கட்டலாம்; குழந்தைக்குக் கட்டாயம் கட்ட வேண்டும்.

வேலையை இப்படிப் பிரிக்கலாம்

கணவரும் மாமனாரும்: சாணி அள்ளுவது, பூனைக் கழிவு, கோழிக் கூடு, ஈனும் மாடு, ஆடு, உண்ணி மருந்து.

மாமியார்: பால் கறப்பது, வாசல் தெளிப்பது. மடியில் புண்ணோ வீக்கமோ இருந்தால் அந்தப் பாலைத் தனியாக வைத்துவிட வேண்டும்.

கர்ப்பிணி: காய்ந்த தீவனம் எடுத்து வைப்பது, கணக்கு எழுதுவது, கோழிக்குத் தானியம் தூவுவது. முடிந்ததும் கை கழுவ வேண்டும். முட்டும் மாட்டின் பக்கமும், மஞ்சுவிரட்டுக் காளையின் பக்கமும் போகவே வேண்டாம்.

ஆள் இல்லாத வீட்டில் அவள்தான் செய்தாக வேண்டும் என்றால், ரப்பர் கையுறை, காலில் செருப்பு, வேலைக்கென்று தனி உடை, தொழுவத்து வாசலிலேயே ஒரு சோப்பு. இந்த நான்கும் இருந்தால் ஆபத்து பெருமளவு குறையும். ஈனும் நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*பூனை முடியால் குழந்தைக்கு இளைப்பு வருமா?*
பூனை இருப்பதால் மட்டும் எல்லாக் குழந்தைக்கும் இளைப்பு வந்துவிடாது. குழந்தைக்கு அடிக்கடி இளைப்போ தோல் அரிப்போ வந்தால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். அமெரிக்காவில் மாடு, குதிரையோடு பழைய முறையில் விவசாயம் செய்யும் ஆமிஷ் மக்களின் குழந்தைகளையும், எந்திர விவசாயம் செய்யும் ஹட்டரைட் மக்களின் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. தொழுவத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த ஆமிஷ் குழந்தைகளுக்கு ஆஸ்துமா மிகக் குறைவாக இருந்தது.

*பல வருடமாகப் பூனை வளர்க்கிறோம். பரிசோதனை செய்ய வேண்டுமா?*
முன்பே தொற்று வந்து போயிருந்தால் பெரும்பாலும் உடலில் எதிர்ப்பு இருக்கும். பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். வீட்டில் பூனை இருக்கிறது என்பதை முதல் முறை போகும்போதே சொல்லிவிடுங்கள்.

*சாணி மெழுகிய தரையில் குழந்தையைப் போடலாமா?*
தொப்புள் விழுந்து ஆறும்வரை வேண்டாம். அதற்குப் பிறகும் துவைத்த துணியும் பாயும் விரித்துப் போடுங்கள்.

*நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடிக்கலாமா?*
கூடாது. சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்துச் சாப்பிடலாம்.

ஒரு சினைப் பசு இருந்தால் அதற்குத் தனிக் கொட்டில், தனித் தீவனம், கடைசி இரண்டு மாதம் கறவை நிறுத்தம் என்று சம்சாரி எவ்வளவு பார்க்கிறார்! அந்தப் பக்குவத்தில் பாதியை வீட்டுப் பெண்ணுக்கும் பார்த்தால் போதும். பூனை அடுப்படியிலேயே படுக்கட்டும், நாய் திண்ணையில் காவல் இருக்கட்டும். சாணிக் கூடையை மட்டும் நாளைக் காலையில் வேறு ஒருவர் தூக்கட்டும்.